நாலு பேர், ஒரு சங்கிலி: மதுரைப் பக்கத்து வங்கிக்கொள்ளைக் கதைக்குத் திரைக்கதை எழுத முழுமையான வழிகாட்டி

களவு என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு வீடு. ஒன்றில் திருடன் இருக்கிறான். மற்றதில் ஊரறியாமல் காதலிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வங்கிக்கொள்ளை, கூட்டாளி விசுவாசம், எதிர்பாராத காதல் மூன்றையும் சேர்த்துக் கதை பண்ண வருகிறவர்கள் முதல் களவை அறுபது பக்கம் எழுதிவிட்டு, இரண்டாவதை ரெண்டு பாட்டில் முடித்துவிடுகிறார்கள். அந்தத் திரைக்கதை இடைவேளைக்குப் பிறகு படுத்துவிடும். காதலை உருவி எடுத்தாலும் கொள்ளை தன்பாட்டுக்கு ஓடும்படி இருந்தால், அங்கே காதலுக்கு வேலையே இல்லை என்று அர்த்தம். கொள்ளைபோன பொருளே காதலுக்கும் காரணமாக வேண்டும். அந்தக் காதலுக்காக எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியும் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்கிற அடியாக வேண்டும். அந்த முடிச்சைப் போடத் தெரிந்தால் மிச்சமெல்லாம் உழைப்பு.

வழி தெரிவதற்காக ஒரே ஒரு மாதிரிக் கதையைக் கடைசிவரை கொண்டுபோவோம். மதுரை செல்லூர்க் கபடி டீமில் ஒன்றாக ஆடிய நாலு பேர்: அழகர், கதிர், சேது, குமார். சோழவந்தான் பக்கம் கற்பனையாக ஒரு வங்கிக் கிளை. அங்கே அடகில் இருக்கும் அம்மாவின் சங்கிலியைத் திருப்ப வந்து நிற்கும் சுகந்தி.

முதலில் பொருள், அப்புறம் ஆள்

கொள்ளைபோவது என்ன என்று தீர்மானிக்காமல் ஒரு சீன்கூட எழுத வேண்டாம். ரொக்கம், லாக்கர், நகைக்கடன் நகை: மூன்றும் மூன்று வேறு கதைகள்.

ரொக்கம் என்றால் எடைக்கணக்கு பார்க்க வேண்டும். இப்போதுள்ள 500 ரூபாய்த் தாள் 150 மில்லிமீட்டர் நீளம், 66 மில்லிமீட்டர் அகலம், எடை ஒரு கிராமுக்குச் சற்று மேல். ஒரு கோடிக்கு 20,000 தாள். நூறு தாள் ஒரு கட்டு என்றால் 200 கட்டு. 20 கிலோவைத் தாண்டும், ஒரு பள்ளிக்கூடப் பை பிதுங்கும். அதே ஒரு கோடி நூறு ரூபாய்த் தாளில் இருந்தால் ஒரு லட்சம் தாள், நூறு கிலோவுக்கு மேல். அதைத் தோளில் போட்டுக்கொண்டு காம்பவுண்டுச் சுவரைத் தாண்டுகிறான் என்று எழுதினால் ஒரு காசாளர்கூட நம்ப மாட்டார். 2,000 ரூபாய்த் தாளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது 2023 மே 19-இல். அதற்குப் பிறகு நடக்கும் கதையில் இளஞ்சிவப்புக் கட்டுகளைக் காட்டக் கூடாது.

லாக்கரில் என்ன இருக்கிறது என்பது வங்கிக்கே தெரியாது. வாடிக்கையாளர் சாவியும் வங்கிச் சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். திருட்டு, கொள்ளை, தீ, ஊழியர் மோசடி இவற்றால் பொருள் போனால் ஆண்டு வாடகையின் 100 மடங்குவரை வங்கி பொறுப்பு என்பது 2022 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள ரிசர்வ் வங்கி விதி. கறுப்புப் பணம், பழைய உயில், யாருக்கும் தெரியாத குடும்ப ரகசியம் போன்ற கதைகளுக்கு லாக்கர் பொருந்தும்.

நம் கதைக்கு நகைக்கடன்தான். அதில் வங்கிக்கு எல்லாம் தெரியும். மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறார், கல், அரக்கு எடையைக் கழிக்கிறார், மொத்த எடையும் நிகர எடையும் எழுதுகிறார். நகை ஒரு பைக்குள் போகிறது, கடன் எண் எழுதிய சீட்டு அதோடு சேர்கிறது, பை மூடப்பட்டுப் பெட்டகத்துக்குப் போகிறது. பெட்டகச் சாவி இரண்டு பேர் கையில். ஒருவர் வராவிட்டால் மற்றவர் தனியாகத் திறக்க முடியாது. ஒரு பவுன் 8 கிராம், ஆக 20 கிலோ நகை என்பது 2,500 பவுன். ஆளுக்கு மூன்று பவுன் வீதம் வைத்தாலும் எண்ணூறு குடும்பத்துக்கு மேல் வருகிறது. இந்த எண்ணூறு குடும்பத்தை மறந்துவிட்டுக் கொள்ளையை வீரமாக எழுதியவர்கள் நிறைய. நகைக்கடன் கதையில் திருடன் வங்கியிடம் திருடுவதில்லை. தாலிக்கொடியை வைத்து மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியவளிடம் திருடுகிறான். கதிருக்கு அது உறைக்கும் நேரம்தான் காதலுக்கு வாசல்.

இனி அந்த 2,500 பவுனில் ஒரே ஒரு நகையைப் பொறுக்கி எடுத்து அதற்கு முகம் கொடுக்க வேண்டும். சுகந்தியின் சங்கிலி ஐந்தரைப் பவுன், 44 கிராம், இரட்டை வடம். கொக்கி ஒருமுறை அறுந்து, உள்ளூர் ஆசாரியிடம் பற்றவைத்தது. பற்றின இடம் மட்டும் நிறம் சற்று மங்கி, விரல் நுனியால் தடவினால் ஒரு சின்ன மேடு தட்டும். கண்ணை மூடிக்கொண்டு சுகந்தி அதை அடையாளம் சொல்லுவாள். இந்த மேடு படத்தில் மூன்று இடத்தில் வர வேண்டும்: அவள் விரலில் முதலில், கதிர் விரலில் அடுத்து, நீதிமன்ற மேசையில் கடைசியாக.

நகையை அடையாளம் காட்டுவது மதுரைக்குப் புதிதா என்ன? அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம் என்று உடைத்துக் காட்டிய ஊர் இது. வசனத்தில் அதைச் சொல்ல வேண்டாம். பார்க்கிறவர்கள் தாங்களே நினைத்துக்கொள்வார்கள்.

கையெழுத்து என்ற முடிச்சு

நகையைத் திருப்பும்போது என்ன நடக்கிறது என்று எந்தக் கிளையிலாவது அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அசலும் வட்டியும் கட்டியாயிற்று. உள்ளேயிருந்து பை வருகிறது. "நகைகளைச் சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்" என்ற வரிக்குக் கீழே கையெழுத்து. பல நேரம் நகை கைக்கு வருமுன்பே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். கூட்டம், அவசரம், வழக்கம்.

கொள்ளையர்கள் நுழைவது சரியாக அந்த நிமிடத்தில். சுகந்தி கையெழுத்துப் போட்டுவிட்டாள். பை பிரித்து, சங்கிலி கவுன்டருக்கு உட்புறம் கிடக்கிறது. கொக்கி திறந்திருக்கிறது. கதிரின் கை அதை அள்ளிப் பைக்குள் போடுகிறது. கேமராவில் அவள் முதுகும், அவள் பேனா பிடிப்பதும் பதிவாகின்றன. கவுன்டருக்கு உட்புறம் தூண் மறைக்கிறது.

அடகு வைத்த மற்ற எல்லாருக்கும் வங்கி நகைக்கு உரிய மதிப்பைக் கணக்குப் பண்ணித் தர வேண்டியிருக்கும். சுகந்திக்கு மட்டும் "நீங்க வாங்கிட்டதாக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களேம்மா" என்ற பதில்தான். பணமும் போயிற்று, சங்கிலியும் போயிற்று. சங்கிலி அவள் கைக்கு வரவேயில்லை என்பதைக் கண்ணால் கண்ட ஆள் உலகத்திலேயே ஒருவன். அவன் அதை எடுத்தவன்.

கொள்ளைக்காரன் தற்செயலாக ஒரு பெண்ணைப் பார்த்து மயங்குவதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். இங்கே அவளுக்கு அவன் தேவைப்படுகிறான், அது அவளுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும், சொல்ல முடியாது.

ஆண்டையும் ஊரையும் பூட்டுதல்

கதை நடக்கும் தேதியை முதல் வாரத்திலேயே முடிவு செய்யுங்கள். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றம் என்றால் இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகள். அதற்குப் பின் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா. 2021 பிப்ரவரிக்குப் பிறகு சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் கட்டாயம். கப்பலூர், சிட்டம்பட்டி, எலியார்பத்தி என்று நாலுவழிச்சாலையில் கார் எந்தச் சாவடியைக் கடந்தாலும் நேரமும் வண்டி எண்ணும் பதிவாகும். ஆகவே நம் நாலு பேரும் நாலுவழிச்சாலைக்கே வரக் கூடாது. மேலக்கால், விக்கிரமங்கலம் பக்கத்து ஊர்ச்சாலைகள்தான் அவர்களுக்கு. நத்தம் சாலை மேம்பாலம் 7.3 கிலோமீட்டர், திறந்தது 2023 ஏப்ரலில். துரத்தல் காட்சிக்கு ஆசைப்பட்டு அதில் ஏற்றுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: மேலே ஏறியவன் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. அது தப்பிக்கும் வழியாகாது, மாட்டிக்கொள்ளும் இடமாக வேண்டுமானால் எழுதலாம்.

கிளையை மாநகருக்குள் வைத்தால் கமிஷனர், துணை கமிஷனர், உதவி கமிஷனர். சோழவந்தான் மாதிரி இடத்தில் வைத்தால் எஸ்.பி., டி.எஸ்.பி. இதைக் குழப்பினால் முதல் விசாரணைச் சீனிலேயே காவல்துறையில் இருக்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள். சோழவந்தானில் கதைக்குத் தேவையானதெல்லாம் இருக்கிறது: வைகை, ரயில் பாதை, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலைக் கொடிக்கால். கொடிக்காலுக்குள் நிழலும் ஈரமும் குளிர்ச்சியும். பத்தடி தள்ளி நிற்கிறவர் முகம் தெரியாது. காதல் பேச இதைவிட இடம் வேண்டுமா? சுகந்தியின் குடும்பம் கொடிக்கால் வைத்த குடும்பம். சங்கிலி அடகுக்குப் போனதும் கொடிக்காலுக்காகத்தான்.

சித்திரைத் திருவிழாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கள்ளழகர் சாமி ஆற்றில் இறங்கும் நாளில் கொள்ளையை வைக்க எல்லாருக்கும் கை அரிக்கும். கூட்டத்தில் கரைந்துவிடலாம் என்பது நினைப்பு. நடப்பு நேர்மாறு. வெளிமாவட்டப் போலீஸெல்லாம் அன்று மதுரையில்தான், கோரிப்பாளையம் சுற்றி வண்டி நகராது, ஒவ்வொரு சந்திலும் தடுப்பு. உள்ளூர் விடுமுறை என்றாலும் செலாவணி முறிச் சட்டப்படியான (Negotiable Instruments Act) விடுமுறையாக அறிவிக்காதவரை வங்கி திறந்திருக்கும் என்பதும் பலருக்குத் தெரியாது. திருவிழாவைப் பிரிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நிரப்பிய செம்பைத் தூக்கிக்கொண்டு நிற்கும் சுகந்தி ஒரு கரையில், போலீஸ் கண்ணில் படாமல் மறு கரையில் கதிர், நடுவில் கள்ளழகர். அந்த ஒரு சீனுக்கு வசனமே வேண்டாம்.

நாலா, அஞ்சா?

கூட்டத்தில் எத்தனை பேர் என்பது சட்டக் கேள்வி. நாலு பேர்வரை அது கொள்ளை, பாரதிய நியாய சன்ஹிதா 309-ஆம் பிரிவு, பத்தாண்டுவரை கடுங்காவல். ஐந்து பேர் ஆனால் கூட்டுக்கொள்ளை, 310-ஆம் பிரிவு, ஆயுள் தண்டனைவரை போகலாம். ஐந்தாவது ஆள் பணத்தை அள்ள வேண்டும் என்பதில்லை; அங்கே இருந்து உதவினாலே எண்ணிக்கையில் சேர்வார். இன்னொன்று: மிரட்டலோ தாக்குதலோ இல்லாமல் இரவில் சுவரில் ஓட்டை போட்டு எடுத்தால், எட்டுப் பேர் போனாலும் அது கன்னக்களவுதான், கூட்டுக்கொள்ளை ஆகாது. புதிதாக எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது.

நம் கதைக்கு இந்த எண்ணிக்கை தங்கச் சுரங்கம். கொள்ளையர் நாலு பேர். ஆனால் இன்ஸ்பெக்டர் கண்ணில், சரியாக அந்த நேரத்தில் கவுன்டரில் நின்ற சுகந்தி, கொள்ளையருக்கு உள்ளிருந்து உதவிய ஆள். அவளைச் சேர்த்தால் ஐந்து. அவள் மாட்டினால் அவளோடு நாலு பேருக்கும் ஆயுள் தண்டனை வாசல் திறக்கிறது. "நாங்க நாலு பேருதான்" என்று கதிர் சொல்வது அவளையும் காப்பாற்றும், நண்பர்களையும் பெரிய தண்டனையிலிருந்து இறக்கும். ஆனால் அதைச் சொல்ல மூன்று பேர் பெயரையும் சொல்ல வேண்டும். காட்டிக்கொடுப்பதும் காப்பாற்றுவதும் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கின்றன.

அடுத்தது அரிவாள். கொள்ளையின்போது கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தியவருக்கு 311-ஆம் பிரிவில் ஏழாண்டுக்குக் குறையாத சிறை. வெட்ட வேண்டியதில்லை, பயமுறுத்தக் காட்டினாலே பயன்படுத்தியதாகத்தான் நீதிமன்றம் கொள்ளும். ஆனால் அந்தப் பிரிவு ஆயுதத்தைக் கையில் வைத்திருந்தவரை மட்டுமே பிடிக்கும், கூட நின்றவரைப் பிடிக்காது. ஆகவே அரிவாள் யார் கையில் என்பதை வீச்சுக்காக எழுதாதீர்கள். நம் கதையில் அது கதிர் கையில் இருந்திருக்க வேண்டியது. வாசலில் அவன் கை நடுங்குவதைப் பார்த்து அழகர் வாங்கிக்கொள்கிறான். மூன்று நொடிக் காட்சி. பின்னால் அந்த ஏழாண்டு அழகர் தலையில் விழும்போது கதிருக்கு அந்த மூன்று நொடி வந்து நிற்கும்.

விசுவாசத்துக்குக் கணக்கு எழுதுதல்

"உயிருக்கு உயிரான நண்பர்கள்" என்று எழுதி வைத்தால் ஒன்றும் வராது. ஒவ்வொருவனும் மற்றவனுக்கு என்ன கடன் பட்டிருக்கிறான் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்: தொகை, தேதி, சூழ்நிலை. சேதுவின் அப்பா ஆஸ்பத்திரிச் செலவுக்கு அழகர் பைக்கை விற்றான். குமாருக்கு முழங்கால் உடைந்தது கதிர் செய்த தவறான பிடியில். பட்ட கடனில் பாதிதான் பணம்.

கபடியை அலங்காரமாக வைக்காமல் வேலை வாங்குங்கள். செல்லூர் கபடி ஊறிய இடம், ரவுண்டானாவிலேயே கபடி வீரர்கள் சிலை நிற்கிறது. ஆட்டத்தில் பிடிக்கிறவர்கள் கை கோத்து நிற்பதைச் செயின் என்பார்கள். ஒருவன் கை நழுவினால் பாடி வரும் ரைடர் அந்த இடத்தில்தான் பிய்த்துக்கொண்டு போவான். அழகர் எப்போதும் கதிரின் கையைத்தான் கோத்து நின்றவன். ஆரம்பத்தில் மண்தரை ஆட்டம் ஒன்றை நாலு பக்கத்துக்குள் காட்டிவிட்டால், பிற்பாதியில் நீதிமன்ற வராந்தாவில் கைவிலங்கு போட்ட அழகர், கதிர் தன்னைக் கடந்து போகும்போது விரலை ஒருமுறை விரித்து மூடினால் போதும்.

இங்கே ஒரு கண்டிப்பு. மதுரைக் குற்றக்கதை என்றவுடன் ஒரு குறிப்பிட்ட சாதியைக் கும்பலாக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். பிறப்பாலேயே குற்றவாளி என்று ஒரு மக்கள்கூட்டத்தைப் பதிவேட்டில் ஏற்றி, ரேகை வாங்கிய குற்றப் பழங்குடிச் சட்டம் இந்த மண்ணில்தான் கோரமாக நடந்தது. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சட்டம் போய்விட்டது, சினிமாவில் அதன் நிழல் இருக்கிறது. நாலு பேரையும் ஒரே தெரு, ஒரே டீம் என்ற உறவில் கட்டுங்கள், அதுவே போதுமானது.

காதலை எங்கே தொடங்குவது

கொள்ளை நடந்த மறுநாள் காலை கிளை வாசலில். அடகு வைத்த அத்தனை பேரும் நகைக்கடன் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கிழவிகள் தரையில் உட்கார்ந்து ஒப்பாரி மாதிரி பேசுவார்கள், யாரோ மேலாளர் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். என்ன பேச்சு நடக்கிறது என்று காது கொடுத்துவர அழகர் கதிரை அனுப்புகிறான். அங்கே சுகந்தி மனு எழுதப் பேப்பர் வாங்கி வைத்திருக்கிறாள், கை நடுக்கத்தில் எழுத்து வரவில்லை.

"அண்ணே, ஒரு மனு எழுதணும். எழுதித் தாறீகளா?"

எடுத்தவனே எழுதுகிறான், தன் களவுக்கு எதிரான புகாரை. அவள் சொல்லச் சொல்ல எழுதியவன், அவள் சொல்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறான்: "கொக்கி திறந்த நிலையில் கவுன்டரின் உட்புறம் கிடந்த மேற்படி சங்கிலி". உட்புறம் அவள் கண்ணுக்குப் படாத இடம். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அந்த மனு போகிறது, அங்கிருந்து விசாரணைக்கு இன்ஸ்பெக்டர் மேசைக்கு வருகிறது. நாற்பது பக்கம் கழித்து அவர் அந்த ஒரு வரியைப் பென்சிலால் சுழிக்கிறார். குற்றவாளியைச் செல்போன் டவரால் பிடிப்பதைவிட, அவன் இரக்கப்பட்டு எழுதிய வரியால் பிடிப்பது நம் கதைக்குச் சரியானது.

அவள் முதலில் "அண்ணே" என்றுதான் கூப்பிடுவாள். இந்தப் பக்கத்துப் பெண் முன்பின் தெரியாத இளைஞனை வேறெப்படியும் கூப்பிட மாட்டாள். அந்தச் சொல் உதிர்வதுதான் காதலின் அளவுகோல். முதல் மூன்று சந்திப்பில் "அண்ணே". நாலாவதில் எந்த விளிப்பும் இல்லாமல் பேச்சைத் தொடங்குவாள். ஐந்தாவதில் "ஏங்க". "ஐ லவ் யூ" தேவையே இல்லை.

காதல் பகுதியில் கெட்டுப்போகும் இடங்கள் வழக்கமாக மூன்று. அவளுக்கு அவன் யாரென்று மிகச் சீக்கிரம் தெரிந்துவிடுவது ஒன்று. எழுபத்தைந்தாம் பக்கத்துக்கு முன் தெரியவே கூடாது. தெரிந்தபின் ஒரே சீனில் மன்னித்துவிடுவது இரண்டாவது. எண்ணூறு குடும்பத்தோடு வெயிலில் நின்றவள் அவள், அவ்வளவு லேசில் மன்னிக்க மாட்டாள். மூன்றாவது, சட்டத்திலிருந்து தப்பிக்கக் கல்யாணம் செய்துகொள்வது. கணவன் மனைவிக்குச் சொன்னதை வெளிப்படுத்தக் கட்டாயப்படுத்த முடியாது என்ற பாதுகாப்பு திருமணக் காலத்தில் சொன்ன பேச்சுக்கு மட்டும்தான். தாலி கட்டும் முன் சொன்னதற்கு இல்லை, அவள் கண்ணால் பார்த்ததற்கும் இல்லை.

கொள்ளைக் காட்சி

ஒன்பது பக்கம், அதற்கு மேல் போக வேண்டாம். இருபத்திரண்டாம் பக்கத்தில் தொடங்கி முப்பதுக்குள் முடிந்துவிட வேண்டும். திட்டமிடும் காட்சியில் முழுத் திட்டத்தையும் சொல்லிவிட்டால், நடக்கும்போது ஏதாவது ஒன்று தவறியே தீர வேண்டும். எல்லாம் திட்டப்படி நடக்கும் என்றால் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. நம் கதையில் இரண்டாவது சாவி வைத்திருப்பவர் மருந்து வாங்க வெளியே போயிருக்கிறார். பதினோரு நிமிடம் காத்திருக்க வேண்டியதாகிவிடுகிறது. அந்தப் பதினோரு நிமிடம்தான் காட்சியின் உயிர். ஹெல்மெட்டுக்குள் மூச்சுச் சத்தம், மதிப்பீட்டாளர் மேசையில் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் தராசு, யாரோ ஒருவர் செல்லில் விடாமல் அடிக்கும் ரிங்டோன், தண்ணி கேட்கும் ஒரு பாட்டி. கதிர் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறான். "நல்லா இருப்ப தம்பி" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு, பாட்டி தானே வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

பெட்டகம் எப்படி உடைகிறது, அலாரம் எப்படி அணைகிறது என்ற நுட்பத்தில் பக்கத்தைச் செலவழிக்காதீர்கள். பார்க்கிறவர்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

இடைவேளையும் விசாரணை நாட்காட்டியும்

நகையை உருக்கிவிட்டால் அடையாளம் போய்விடும் என்பதால் அழகர் அவசரப்படுகிறான். கதிர் ஒரே ஒரு சங்கிலியை மட்டும் ஒதுக்கி வைக்கிறான். அறுபத்திரண்டாம் பக்கம்: விடியற்காலையில் சுகந்தி வீட்டுத் திண்ணையில் வெற்றிலைக் கவுளிக்குள், அதாவது வெற்றிலைக் கட்டுக்குள், சுருட்டி வைத்த சங்கிலி. அவள் விரல் அந்த மேட்டைத் தொடுகிறது. இடைவேளை.

களவுபோன சில நாளுக்குள் களவுப்பொருள் யார் கையில் இருக்கிறதோ, அவரைத் திருடனாகவோ திருட்டுப்பொருள் வாங்கியவராகவோ அனுமானிக்க நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. கதிர் கொடுத்த காதல் பரிசு அவளுக்கு விலங்காகிறது. அவள் நேர்மையாக அதை ஸ்டேஷனுக்கே கொண்டுபோகிறாள். "இது எப்படிம்மா உன் வீட்டுக்கு மட்டும் வந்துச்சு?" ஐந்தாவது ஆள் கிடைத்துவிட்டாள்.

பிற்பாதியை நாட்காட்டி வைத்து எழுதுங்கள். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். போலீஸ் காவல் மொத்தம் 15 நாள்தான், அதைப் பகுதி பகுதியாகவும் கேட்கலாம். ஆயுள் வரக்கூடிய கூட்டுக்கொள்ளை வழக்கில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். அந்த 90-ஆம் நாளைச் சுவரில் எழுதி வைத்து அதை நோக்கி சீன்களை நகர்த்தினால் தானாக வேகம் பிடிக்கும்.

ஸ்டேஷனில் அடித்து வாங்கிய ஒப்புதலை வைத்து வழக்கை முடிக்காதீர்கள். போலீஸிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியம் ஆகாது. அதன்பேரில் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தளவுக்கு மட்டும் செல்லும். ஆகவே கதிரோ சேதுவோ இடத்தைக் காட்டப் போகும் காட்சியில் வி.ஏ.ஓ.வும் தலையாரியும் உடன் நிற்க வேண்டும். கண்டெடுத்ததைப் பதியும் மகஜர் எழுதுவதும் அதில் அவர்கள் கையெழுத்துப் போடுவதும், இப்போதைய சட்டப்படி முழுக்க வீடியோ எடுப்பதும் காட்சியில் இருக்கட்டும். வி.ஏ.ஓ. செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, குனிந்து, முழங்காலில் பேப்பரை வைத்து எழுதுவார். இதைப் பார்த்தவர்கள் எழுதினால் அந்தச் சீனுக்குத் தனி மணம் வரும்.

அடையாள அணிவகுப்பைச் சிறைக்குள் மாஜிஸ்திரேட் நடத்துவார், போலீஸ் உள்ளே இருக்கக் கூடாது. ஒத்த வயது, உயரம் உள்ள பலரோடு நிறுத்துவார்கள். சட்டை மாற்ற, இடம் மாற உரிமை உண்டு. நகைக்கும் இப்படி உண்டு, அதே மாதிரிச் சங்கிலிகளோடு கலந்து வைப்பார்கள். சாட்சி ஏற்கெனவே அந்த ஆளோடு பழகியிருந்தால் அடையாளம் காட்டியதன் மதிப்பு போய்விடும். சுகந்தி கதிரின் முன் வந்து நின்றும் ஒன்றும் சொல்லாமல் கடந்து போனால், அது காதலா, பயமா, சட்டம் தெரிந்ததா என்று வக்கீல்களே சண்டை போடலாம்.

கதிர் அப்ரூவர் ஆகும் இடத்தை, அதாவது மன்னிப்புப் பெற்றுக் கூட்டாளிகளுக்கு எதிராகச் சாட்சி சொல்பவனாக மாறும் இடத்தை, விவரமாக எழுதுங்கள். மன்னிப்புக்கு நிபந்தனை, தன் பங்கு உட்பட எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்வது. மறைத்தால் மன்னிப்பு போய்விடும். முன்பே ஜாமீனில் இல்லாவிட்டால் விசாரணை முடியும்வரை அவன் சிறையில்தான் இருக்க வேண்டும். நண்பர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டு, அவர்கள் இருக்கும் அதே மதுரை மத்திய சிறையின் வேறொரு சுவருக்குப் பின்னால் ராத்திரி படுத்திருக்க வேண்டும். அவன் சொல் மட்டும் போதாது, வேறு ஆதாரமும் ஒத்துவர வேண்டும்: அவன் கையெழுத்தில் உள்ள மனு, முதுகு மட்டும் தெரியும் கேமராக் காட்சி, அந்தச் சங்கிலி. நாம் முன்பே விதைத்த மூன்றும் இங்கே முளைக்கின்றன.

சீன் ஆர்டர், வசனம்

120 பக்கம், எழுபது சீன் அளவில் ஒன்லைன் ஆர்டர், அதாவது சீனுக்கு ஒரு வரி வீதம் வரிசைப் பட்டியல், போடுங்கள். ஏ4 ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்பது உத்தேசம்தான்; வசனம் நிறைந்த தமிழ்ப் பக்கம் கூடுதலாக ஓடும், வாய்விட்டுப் படித்துக் கடிகாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சீனுக்கும் பக்கத்தில் ஒரு குறி: சங்கிலி இப்போது யார் கையில்? பத்து சீன் தொடர்ந்து அந்தக் கேள்விக்குப் பதில் மாறவில்லை என்றால் அங்கே கதை தூங்குகிறது.

மதுரைப் பேச்சு என்றதும் எல்லாரையும் கத்தவிடாதீர்கள். இந்த ஊர்ப்பக்கம் கோபம் வந்தால் குரல் இறங்கும். "அங்கிட்டு", "இம்புட்டு", "வெரசா", "சொல்லிப்புட்டேன்" எல்லாம் வரலாம், ஒரு வசனத்துக்கு ஒன்று போதும். "ஏலே" திருநெல்வேலிக்குப் போகட்டும். நாலு பேருக்குள் "மாப்ள". அழகரை மட்டும் மூவரும் "அண்ணே". காட்டிக்கொடுத்தபின் கதிர் அவனைச் சந்திக்கும் ஒரே சீன்:

"அண்ணே…"

"கை நடுங்குச்சுன்னு வாங்குனேன்டா. இப்ப நடுங்கலையா?"

"நடுங்குதுண்ணே."

"பொறவு எப்படிச் சொன்ன?"

பதில் இல்லை. எழுதவும் வேண்டாம்.

சென்சார் விஷயத்தை எழுதும்போதே முடிவு செய்வது நல்லது. யு/ஏ சான்றிதழ் இப்போது 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. அரிவாள் எவ்வளவு தெரியலாம் என்பது அதைப் பொறுத்தது. கிளையின் உட்புறத்துக்குச் செட் போடத் திட்டமிடுங்கள், நடப்பிலுள்ள வங்கியில் பெட்டகப் பக்கம் கேமராவை விட மாட்டார்கள். கொடிக்காலுக்கு அதிகாலை ஆறரை முதல் எட்டுவரை வெளிச்சம் சாய்ந்து விழும். ஈரத் தரை என்பதால் டிராலி தண்டவாளம் அமிழ்ந்துவிடும், அடியில் பலகை போட வேண்டும்.

கடைசி சீன்

தீர்ப்பை நீதிபதி வாயால் வாசிக்கவைத்து முடிக்க வேண்டாம். வழக்குப் பொருள்களைத் திருப்பித் தரும் நாளில் முடியுங்கள். நீதிமன்ற அலுவலக அறை, ஃபேன், பச்சை ரெக்சின் விரித்த மேசை. ஊழியர் பதிவேட்டைத் திருப்பி, ஒரு வரியில் விரலை வைக்கிறார். "இங்க கையெழுத்துப் போடும்மா." சுகந்தி பேனாவை வாங்கி மேசையிலேயே வைக்கிறாள். உள்ளங்கையை நீட்டுகிறாள். ஊழியர் ஒரு கணம் பார்த்துவிட்டு, சீட்டை அவிழ்த்து, சங்கிலியை அதில் வைக்கிறார். அவள் கண்ணை மூடி, கொக்கியைத் தேடி, அந்த மேட்டைத் தடவிப் பார்க்கிறாள். அதற்கப்புறம்தான் பேனாவை எடுக்கிறாள்.